லினக்ஸில் மோடமும் பிரிண்டரும் மற்றவையும் மக்கர் செய்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்வதெல்லாம் உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் ஆகியவற்றுக்குப் பொருந்தும். டெபியனிலிருந்து பிறந்த பாஸ் லினக்ஸுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது, பேரெழுத்து என்று தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தே.

சாதனத்தைச் செருகினேன், ஒன்றுமே நடக்கவில்லை. எங்கே தொடங்குவது?

டெர்மினலைத் திறந்து "சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ" என்று கொடுத்துவிட்டு, அதன் பிறகு சாதனத்தைச் செருகுங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தன் கண்ணில் பட்டதை வரி வரியாகச் சொல்லும். மூன்றில் ஒன்று நடக்கும்.

ஒரு வரிகூட வரவில்லை என்றால் கோளாறு மென்பொருளில் இல்லை. கேபிள், போர்ட், அல்லது சாதனமே செத்திருக்கலாம். மொபைல் சார்ஜருடன் வரும் மலிவு கேபிள்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவுக் கம்பிகள் இருக்காது. விளக்கு எரியும், கணினிக்கு எதுவும் தெரியாது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

"நியூ ஹை-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்" என்று வந்து, ஐடிவெண்டர், ஐடிபிராடக்ட் எண்களும் வந்து, அதோடு நின்றுவிட்டால் சாதனம் நலம். அதற்கு டிரைவர்தான் கிடைக்கவில்லை. "எல்எஸ்யூஎஸ்பி -டி" (இந்த டி, t) கொடுத்தால் எந்தச் சாதனத்தை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று மரமாகக் காட்டும். டிரைவர் என்ற இடம் காலியாக இருந்தால் சந்தேகம் உறுதி.

டிரைவர் பிடித்து, சில நொடிகளில் "டிஸ்கனெக்ட்" என்று வந்தால், ஒன்று மின்சாரம் போதவில்லை, அல்லது வேறொரு நிரல் நடுவில் புகுந்து சாதனத்தைப் பறிக்கிறது. இரண்டையும் கீழே பார்க்கலாம்.

பிழை எண்களில் இரண்டு அடிக்கடி வரும். மைனஸ் 71 என்றால் கம்பியில் பேச்சு குழம்புகிறது. மைனஸ் 110 என்றால் சாதனம் உரிய நேரத்தில் பதில் தரவில்லை. இரண்டுக்கும் முதல் மருந்து டிரைவர் அல்ல. வேறு போர்ட், குட்டையான கேபிள், நடுவில் ஹப் இல்லாமல் நேரடி இணைப்பு. இதைச் செய்யாமல் இயங்குதளத்தையே அழித்துவிட்டு வேறொன்று நிறுவுபவர்கள் நிறையப் பேர். அதனால் கேபிள் சரியாகிவிடாது.

பெட்டியில் மாடல் பெயர் இருக்கிறதே, எல்எஸ்யூஎஸ்பி எண் எதற்கு?

பெட்டிப் பெயரை நம்ப முடியாது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற வைஃபை டாங்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப், செருகியதும் லினக்ஸில் ஓடும். இரண்டாம் பதிப்பில் அதே பெயர், அதே உருவம், உள்ளே ரியல்டெக் சிப். முதல் பதிப்புக்காக எழுதிய வழிமுறையை இரண்டாவதில் செய்துகொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கலாம்.

எல்எஸ்யூஎஸ்பி காட்டும் எட்டு இலக்கத்தில் முதல் நான்கு தயாரிப்பாளர், அடுத்த நான்கு சாதனம். தேடும்போது அந்த எட்டு இலக்கத்தைத் தேடுங்கள். மடிக்கணினியின் உள்ளே இருக்கும் கார்டுகளுக்கு "எல்எஸ்பிசிஐ -என்என்கே".

டாங்கிளைச் செருகினால் சிடி டிரைவாகத் திறக்கிறது. மோடமாகத் தெரியவில்லை.

அது பழுது அல்ல. தயாரிப்பாளர்கள் விண்டோஸுக்கான நிறுவல் கோப்புகளை டாங்கிளுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். செருகியதும் அது முதலில் சிடி வேடம் போடும். விண்டோஸ் டிரைவர் ஒரு சமிக்ஞை அனுப்பியதும் வேடத்தைக் கலைத்து மோடமாக மாறும். லினக்ஸில் அந்தச் சமிக்ஞையை அனுப்புவது யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச். "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்" என்று நிறுவினால், சாதனப் பட்டியல் அடங்கிய யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்-டேட்டா பொதியும் கூடவே வரும். நிறுவிய பின் டாங்கிளைக் கழற்றி மீண்டும் செருக வேண்டும்.

மாறியதா என்று தெரிந்துகொள்ள எண்ணைப் பாருங்கள். பழைய ஹுவாவே டாங்கிள்கள் பல 12டி1:1446 என்று வந்து, மாறியதும் 12டி1:1001 அல்லது அதை ஒத்த வேறு எண்ணாகும். இசட்டிஇ டாங்கிள்கள் பல 19டி2:2000 என்று வரும், மாறியதும் 19டி2:0031 போன்ற எண். 1446 அல்லது 2000 அப்படியே நின்றால் மாற்றம் நடக்கவில்லை.

அப்போது கையால் தள்ளலாம். ஹுவாவேக்கு: "சூடோ யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச் -வி 12டி1 -பி 1446 -ஜே". இதில் பி என்பது p, ஜே பேரெழுத்து. கட்டளைப் பெயரில் யூஎஸ்பிக்குப் பின் வருவது அடிக்கோடு, பொதியின் பெயரில் வருவது சிறுகோடு. பலர் இந்த இடத்தில்தான் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" வாங்குகிறார்கள். மற்ற நிறுவனங்களின் டாங்கிள்களில் சிடியை வெளியே தள்ளும் பொதுச் சமிக்ஞையான -கே (பேரெழுத்து) பெரும்பாலும் போதும். 0பிடிஏ:1ஏ2பி என்று சிடி வேடத்தில் வரும் ரியல்டெக் வைஃபை டாங்கிள்களுக்கும் இதே -கே வேலை செய்யும்.

எண் மாறிவிட்டது. இருந்தும் சிக்னல் இல்லை என்கிறது.

இனி மோடத்திடமே கேட்க வேண்டியதுதான். மாறிய மோடத்துக்கு ஆப்ஷன் என்ற கர்னல் டிரைவர் டிடிஒய்யூஎஸ்பி0, 1, 2 என்று சில வாயில்களைத் திறக்கும் (இதில் யூஎஸ்பி பேரெழுத்து). மோடம்மேனேஜர் சேவை இவற்றைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் முதலில் அதை நிறுத்துங்கள்: "சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் மோடம்மேனேஜர்", இரண்டு எம்களும் பேரெழுத்து. பிறகு பிகோகாம் நிறுவி, "சூடோ பிகோகாம் /டெவ்/டிடிஒய்யூஎஸ்பி0" என்று திறந்து, ஏடி என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஓகே என்று பதில் வந்தால் சரியான வாயில். வராவிட்டால் 1, 2 என்று அடுத்ததைப் பாருங்கள்.

ஏடி+சிபின்? கேட்டால் ரெடி வர வேண்டும். சிம் பின் என்று வந்தால் சிம்மில் பூட்டு இருக்கிறது. மூன்று முறை தவறாக அடித்தால் பக் (PUK) எண் கேட்கும், அதைப் பத்து முறை தவறினால் சிம் குப்பைக்குத்தான். சிம்மை மொபைலில் போட்டுப் பூட்டை எடுத்துவிட்டு வருவது நல்லது.

ஏடி+சிஎஸ்க்யூ 0 முதல் 31 வரை ஓர் எண் தரும். அதை இரண்டால் பெருக்கி 113 கழித்தால் சிக்னல் வலிமையின் டிபிஎம் கணக்கு: 9 என்றால் மைனஸ் 95. பத்துக்குக் கீழே இருந்தால் ஜன்னலோரம் கொண்டுபோங்கள். 99 என்றால் மோடத்துக்கே தெரியவில்லை என்று பொருள்.

ஏடி+சிரெக்? (CREG) கேட்டால் வரும் இரண்டாவது எண்தான் முக்கியம். 1 என்றால் சொந்த வலையமைப்பில் பதிவாகிவிட்டது, 5 என்றால் ரோமிங், 2 என்றால் தேடிக்கொண்டிருக்கிறது, 3 என்றால் வலையமைப்பு மறுத்துவிட்டது.

எப்போதும் 2-லேயே நின்றால் டாங்கிளின் வயதைப் பாருங்கள். 3ஜி டாங்கிளில் ஜியோ சிம்மைப் போட்டால் எந்தக் காலத்திலும் பதிவாகாது. ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. ஏர்டெலும் தன் 3ஜி சேவையை நிறுத்திவிட்டதால், அந்தச் சிம்முடன் 3ஜி டாங்கிள் 2ஜிக்கு இறங்கித் தவழும். #777 என்று டயல் செய்த சிடிஎம்ஏ டாங்கிள்கள் வீட்டில் கிடந்தால் மின்கழிவில் போட்டுவிடலாம். இந்தியாவில் அந்த வலையமைப்புகளே இப்போது இல்லை. எந்த லினக்ஸ் கட்டளையும் இதற்குத் தீர்வு ஆகாது.

வேலை முடிந்ததும் கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-எக்ஸ் அடித்து வெளியே வந்து, மோடம்மேனேஜரை மீண்டும் தொடங்க மறக்காதீர்கள்.

சிக்னல் இருக்கிறது, ஆனால் இணைப்பு உடனே அறுந்துவிடுகிறது.

பெரும்பாலும் ஏபிஎன், அதாவது உங்கள் நிறுவனத்தின் இணைய நுழைவாயிலின் பெயர், தவறு. நெட்வொர்க் மேனேஜரில் மொபைல் பிராட்பேண்ட் இணைப்பைத் திருத்தி, ஏர்டெல் என்றால் ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம், பிஎஸ்என்எல் என்றால் பிஎஸ்என்எல்நெட், ஜியோ என்றால் ஜியோநெட் என்று போடுங்கள். டயல் எண் *99#. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் காலியாக இருக்கலாம். பழைய வழிமுறைகளில் வரும் டபிள்யூவி-டயல் இன்று தேவையில்லை.

இணைந்தும் பக்கங்கள் திறக்கவில்லையா? "பிங் 8.8.8.8" கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் இணைய வழி திறந்திருக்கிறது, தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் கோளாறு. பதில் இல்லையென்றால் முதலில் டேட்டா பேக் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் 4ஜி டாங்கிள் "வயர்டு கனெக்ஷன்" என்று காட்டுகிறது. மோடம் பட்டியலில் இல்லை.

அது ஹைலிங்க் வகை. ஹுவாவே இ3372எச் போன்றவை தாமே ஒரு குட்டி ரவுட்டர். 12டி1:1எஃப்01 என்று வந்து 12டி1:14டிசி ஆக மாறியதும் கணினிக்கு ஈதர்நெட் கார்டாகவே தெரியும். ஏபிஎன், சிம் பின் எல்லாம் பிரவுசரில் 192.168.8.1 முகவரியில் போட வேண்டும். மோடம்மேனேஜரை இதில் இழுக்காதீர்கள். லினக்ஸுக்கு வாங்குவதானால் இந்த வகையே தொல்லை குறைவு.

"பெர்மிஷன் டினைட்" என்று வருகிறது.

டிடிஒய்யூஎஸ்பி போன்ற சீரியல் வாயில்கள் டயல்அவுட் என்ற குழுவுக்குச் சொந்தம். "சூடோ யூசர்மாட் -ஏஜி டயல்அவுட்" என்று அடித்து, இறுதியில் உங்கள் பயனர் பெயர். ஏ சிற்றெழுத்து, ஜி பேரெழுத்து. அந்த ஏ-யை விட்டுவிட்டால் நீங்கள் இருந்த மற்றக் குழுக்களிலிருந்தெல்லாம், சூடோ குழு உட்பட, நீக்கப்படுவீர்கள். அடுத்த முறை சூடோ கொடுக்கும்போதுதான் அது தெரியவரும். மாற்றம் செயலுக்கு வர லாக்-அவுட் செய்து மீண்டும் உள்ளே வர வேண்டும். டெர்மினலை மூடித் திறந்தால் போதாது. ஆர்ச் லினக்ஸில் இந்தக் குழுவின் பெயர் யூயூசிபி.

உபுண்டு 22.04-க்கு மாறியதிலிருந்து ஆர்டுயினோ பலகை வந்த வேகத்தில் மறைகிறது.

பலகையில் சிஎச்340 சிப் இருக்கும், எண் 1ஏ86:7523. டிமெஸ்ஜியில் சிஎச்341 டிரைவர் பிடித்ததும், பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் குறுக்கே வந்து டிஸ்கனெக்ட் ஆனதும் தெளிவாகத் தெரியும். பிஆர்எல்டிடிஒய் பார்வையற்றவர்களின் பிரெயில் திரைகளுக்கானது. சில பிரெயில் திரைகளும் இதே சிப் எண்ணைக் கொண்டிருப்பதால் ஆள் மாறாட்டம் நடக்கிறது. உங்களுக்குப் பிரெயில் திரை தேவையில்லை என்றால் "சூடோ ஆப்ட் ரிமூவ் பிஆர்எல்டிடிஒய்". பலர் பயன்படுத்தும் பள்ளி, நூலகக் கணினி என்றால் நீக்காதீர்கள். எந்தச் சாதனத்தை அது பிடிக்க வேண்டும் என்று சொல்லும் அதன் யூடெவ் விதிக் கோப்பில் 1ஏ86/7523 வரும் வரியை மட்டும் # போட்டு முடக்கினால் இரண்டும் ஓடும்.

மறையாமல், செருகியதும் சில நொடிகள் "பிஸி" என்று மட்டும் வந்தால் அது மோடம்மேனேஜர் வேலை. சீரியல் வாயிலைப் பார்த்தால் மோடமா என்று ஏடி கட்டளை அனுப்பி விசாரிக்கும் பழக்கம் அதற்கு, பழைய பதிப்புகளில் இது அதிகம்.

நன்றாக ஓடிக்கொண்டே திடீர் திடீரென்று துண்டிக்கிறது.

யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. சிக்னல் பலவீனமான இடத்தில் மோடம் அதிக சக்தியோடு ஒலிபரப்பும், அப்போது மின்சாரத் தேவை எகிறும். மின் இணைப்பு இல்லாத ஹப்பில் மவுஸ், பென்டிரைவ், மோடம் மூன்றும் தொங்கினால் விழுவது மோடம்தான். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள், அல்லது மோடத்தை நேராகக் கணினியில் செருகுங்கள்.

சும்மா இருக்கும்போது மட்டும் துண்டித்தால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். ஆட்டோசஸ்பெண்ட் இரண்டு நொடி சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைக்கலாம், சில சாதனங்கள் எழுந்திருப்பதில்லை. கணினியைத் தொடங்கி வைக்கும் கிரப்பின் அமைப்புக் கோப்பில், கர்னலுக்கான வரியில் "யூஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1" சேர்த்து, "சூடோ அப்டேட்-கிரப்" கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். துண்டிப்பு நின்றுவிட்டால் காரணம் அதுதான். டிஎல்பி என்ற மின்சேமிப்பு நிரலை நிறுவியிருப்பவர்கள் அதன் விலக்குப் பட்டியலில் சாதன எண்ணைச் சேர்த்தாலே போதும், எல்லாவற்றுக்கும் மின்சேமிப்பை நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று பலருக்குத் தோன்றாது. யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கின் கேபிளும் போர்ட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். பக்கத்துப் போர்ட்டில் வைஃபை டாங்கிளோ வயர்லெஸ் மவுஸ் ரிசீவரோ இருந்தால் கோப்பு நகலெடுக்கும்போது திணறும். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வையுங்கள்.

வைஃபை பட்டியலே வரவில்லை.

முதலில் "ஆர்எஃப்கில் லிஸ்ட்". சாஃப்ட் பிளாக்டு என்றால் "ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்" போதும். ஹார்டு பிளாக்டு என்றால் மடிக்கணினியின் பக்கவாட்டில் அல்லது எஃப்-விசைகளில் உள்ள பொத்தான்.

டிமெஸ்ஜியில் "ஃபர்ம்வேர்" என்ற சொல்லோடு தோல்வி வந்தால் டிரைவர் இருக்கிறது, சிப்புக்குள் ஏற்ற வேண்டிய கோப்பு இல்லை. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவல் வட்டிலேயே இந்த ஃபர்ம்வேர்கள் இருக்கின்றன. அதற்கு முந்தையதில் நான்-ஃப்ரீ களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும்.

ரியல்டெக் யூஎஸ்பி டாங்கிள் என்றால் கர்னல் பதிப்பைப் பாருங்கள். 8821சியூ, 8822பியூ போன்ற சிப்களுக்கு 6.2 கர்னலிலிருந்து உள்ளேயே டிரைவர் உண்டு. அதற்குக் கீழே இருந்தால், யாரோ எழுதிய டிரைவரைத் தொகுப்பதைவிட கர்னலை உயர்த்துவது புத்திசாலித்தனம். கையால் தொகுத்த டிரைவர் அடுத்த கர்னல் புதுப்பிப்பில் காணாமல் போகும். தொகுத்தே ஆக வேண்டும் என்றால் கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானே மீண்டும் தொகுக்கும் டிகேஎம்எஸ் வழியாகச் செய்யுங்கள், கர்னலுக்கான ஹெடர்ஸ் பொதியையும் நிறுவுங்கள்.

அப்படித் தொகுத்த டிரைவர் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று மறுத்தால், கையொப்பமில்லாத டிரைவரை ஏற்காத செக்யூர் பூட் தடுக்கிறது. நிறுவும்போது உபுண்டு ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும். மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை பத்து நொடி நிற்கும். அதற்குள் ஏதாவது விசையைத் தட்டி, "என்ரோல் எம்ஓகே" தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். பத்து நொடி கடந்தால் கணினி வழக்கம்போல் தொடங்கிவிடும், டிரைவர் ஓடாது. தவறவிட்டவர்கள் "மோக்யூட்டில் --இம்போர்ட்" கொடுத்து அந்தத் திரையை மீண்டும் வரவழைக்கலாம்.

எச்பி லேசர்ஜெட் 1020: வேலையை வாங்கிக்கொள்கிறது, தாள் வரவில்லை.

இந்த பிரிண்டருக்குள் நிரந்தர ஃபர்ம்வேர் கிடையாது. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் கணினிதான் அதை ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் ஒரு பிழைகூடக் காட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். எச்பிலிப் பொதியை நிறுவி, "எச்பி-பிளகின்" ஓட்டி, பிறகு "எச்பி-செட்டப்". பிளகின் பதிப்பும் எச்பிலிப் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கணினியைப் புதுப்பித்த மறுநாள் அச்சு நின்றால் முதலில் எச்பி-பிளகினை மீண்டும் ஓட்டுங்கள். மின்வெட்டுக்குப் பின் நின்றால் "எச்பி-ஃபர்ம்வேர்" கொடுத்துப் பாருங்கள். ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற இன்னொரு டிரைவரும் இதற்கு உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள்.

கேனன் எல்பிபி2900?

நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் பார்க்கும் இயந்திரம், லினக்ஸில் அதிகம் படுத்தும் இயந்திரமும் இதுதான். கேப்ட் என்ற தனி மொழி பேசும். கேனனின் சொந்த டிரைவருடன் சிசிபிடி என்ற சேவை ஓட வேண்டும், அது பிரிண்டருக்கு முன்பே எழுந்தால் சிக்கும். பிரிண்டரை ஆன் செய்துவிட்டு அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்வதுதான் வழக்கமான வைத்தியம். கேப்ட்டிரைவர் என்ற திறமூல மாற்றும் இருக்கிறது. புதிதாக வாங்குவதானால் இதை வாங்காதீர்கள். ஏர்பிரிண்ட் என்று பெட்டியில் போட்டிருக்கும் எந்த பிரிண்டரும் டிரைவர் இல்லாமலே ஓடும்.

அச்சு வேலைகள் வரிசையில் தேங்கி நிற்கின்றன.

ஒருமுறை கேபிள் கழன்றாலோ தாள் தீர்ந்தாலோ சில அமைப்புகளில், அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் சேவை பிரிண்டரை "பாஸ்டு" (நிறுத்திவைத்த) நிலைக்குத் தள்ளிவிடும். கேபிளைச் செருகினாலும் தானாக மீளாது. "எல்பிஸ்டாட் -டி" (இந்த டி, t) நிலையைச் சொல்லும். "கேன்சல் -ஏ" தேங்கிய வேலைகளை அழிக்கும், "கப்ஸ்எனேபிள்" பின் பிரிண்டர் பெயர் கொடுத்தால் மீண்டும் எழும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 முகவரியிலும் இதையே செய்யலாம். அங்கே எரர் பாலிசியை "ரீட்ரை-ஜாப்" என்று மாற்றிவிட்டால் தொல்லை குறையும்.

டாட் மேட்ரிக்ஸ்?

பெரும்பாலானவை எப்சன் மொழி பேசும். கப்ஸில் "எப்சன் 9-பின்" தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்துகள் படமாகவே அச்சாகும் என்பதால் மெதுவாகத்தான் வரும், அது கோளாறு அல்ல.

ஆல்-இன்-ஒன்னில் அச்சு வருகிறது, ஸ்கேனர் வரவில்லை.

"ஸ்கேன்இமேஜ் -எல்", எல் பேரெழுத்து. பட்டியலில் இல்லையென்றால் சேன்-ஏர்ஸ்கேன் நிறுவுங்கள். சூடோவுடன் வந்து, சூடோ இல்லாமல் வராவிட்டால் அனுமதிப் பிரச்சினை, ஸ்கேனர் குழுவிலும் எல்பி குழுவிலும் உங்களைச் சேருங்கள். டிரைவர் இல்லாமலே யூஎஸ்பி பிரிண்டரை ஓட வைக்கும் ஐபிபி-யூஎஸ்பி சேவை ஓடினால் அது யூஎஸ்பி வாயிலைப் பிடித்துக்கொள்ளும், அப்போது எச்பிலிப்பின் பழைய ஸ்கேன் வழி மூடிவிடும். இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்து மற்றதை நிறுத்துங்கள்.

வெளி ஹார்டு டிஸ்க் திறக்க மறுக்கிறது.

என்டிஎஃப்எஸ் வட்டு என்றால், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் நிலையில் பிடுங்கி வந்திருப்பீர்கள். "வால்யூம் இஸ் டர்ட்டி" என்று டிமெஸ்ஜி சொல்லும். சரியான வழி, விண்டோஸில் செருகி சிஎச்கேடிஸ்க் ஓட்டி, முறையாக வெளியேற்றுவது. விண்டோஸே கையில் இல்லையென்றால் "சூடோ என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் -டி" (இந்த டி, d) அந்த டர்ட்டி என்ற குறியை நீக்கும். அது வட்டை முழுமையாகச் சரிபார்ப்பதில்லை, எனவே முக்கியக் கோப்புகளை உடனே வேறிடத்தில் நகலெடுங்கள்.

புளூடூத் ஹெட்செட்டில் மைக்கை இயக்கியதும் பாட்டு பழைய டெலிபோன் போலக் கேட்கிறது.

ஏ2டிபி முறையில் ஒலி தரம், மைக் கிடையாது. எச்எஃப்பி முறையில் மைக் உண்டு, ஒலி தரம் குறையும். இது புளூடூத்தின் வரம்பு, லினக்ஸின் குற்றமல்ல. பேசும்போது மடிக்கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுத்து, ஹெட்செட்டை ஏ2டிபியிலேயே விடுங்கள்.

எதுவும் பலிக்கவில்லை. பிறரிடம் கேட்கும்போது என்னென்ன தர வேண்டும்?

"யூநேம் -ஆர்", எல்எஸ்யூஎஸ்பி, "எல்எஸ்யூஎஸ்பி -டி" ஆகியவற்றின் வெளியீடு, செருகிய நொடியிலிருந்து டிமெஸ்ஜியின் இருபது முப்பது வரிகள். திரையை மொபைலில் படம் எடுத்து அனுப்பாதீர்கள், எண்களை அதிலிருந்து நகலெடுக்க முடியாது. மோடம் என்றால் "எம்எம்சிஎல்ஐ -எம் 0" வெளியீடும் வேண்டும். அதில் உங்கள் ஐஎம்இஐ எண்ணும் சில நேரம் தொலைபேசி எண்ணும் இருக்கும், அனுப்புமுன் அவற்றை அழித்துவிடுங்கள்.